கரை உடைந்தால் மீன் யாருக்கு?

மேலையூர், கீழையூர் என்று இரண்டு ராஜ்யங்கள். இரண்டும் சின்னவை. மேலையூர் மேட்டில், கீழையூர் பள்ளத்தில். நடுவில் ஒரு பெரிய ஏரி. ஏரி மேலையூருக்குச் சொந்தம். கரைக்கு இந்தப் பக்கம் கீழையூரின் வயலும் வீடும். இதற்கு மேல் வர்ணனை வேண்டாம்.

ஐப்பசி பிறக்க இருந்தது. ஏரிக்கரையில் ஆலமரத்து வளைவில் நண்டு வளை விழுந்து தண்ணீர் கசிந்தது. தெளிவாகக் கசிந்தால் பயமில்லை. கலங்கலாகக் கசிந்தது. கரை உள்ளுக்குள்ளே கரைகிறது என்று அர்த்தம். ஒரு பெருமழை போதும், கீழையூர் இருக்காது.

அடைக்க வேண்டியவர் மேலையூர் ராஜா செம்பொன்ராயர். அவர் கரையில் கீழையூரான் மண்வெட்டி வைத்தால் போர். அவரிடம் குறை சொன்னால் அதைவிட மோசம். போன மாதம் கீழையூர் மந்திரி நாகலிங்கம் போய், "தங்கள் கரை பலவீனமாக இருக்கிறது, மகாராஜா" என்றார். பாதி மீசையோடு திரும்பி வந்தார்.

கீழையூர் ராஜா கொழுந்தப்பர் சபையைக் கூட்டினார்.

"ராயரிடம் கரை விஷயத்தைச் சொல்ல வேண்டும். சொன்னதாக அவருக்குத் தோன்றக் கூடாது. மழைக்கு முன்னால் அவரே அடைக்க வேண்டும். யார் போகிறீர்கள்?"

சபையில் எல்லாரும் மீசையைத் தடவினார்கள். பிச்சாண்டி ஒருவன்தான் சும்மா இருந்தான். அவனுக்கு மீசை கிடையாது. உத்தியோகம் என்றும் தனியாக ஒன்றும் கிடையாது. மற்றவர்களால் ஆகாததெல்லாம் அவன் தலையில் விழும்.

"நீ போ" என்றார் ராஜா.

போனான். மேலையூர் சபையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்தான்.

"கீழையூரானா?" என்றார் ராயர். "கரையைப் பற்றிப் பேசவா வந்தாய்?" பக்கத்திலேயே நாவிதர் நின்றார், கத்தியோடு.

"கரையைப் பற்றி எனக்கென்ன தெரியும், மகாராஜா. மீனைப் பற்றி ஒரு சந்தேகம்."

ராயர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஏரி மீன் என்றால் அவருக்கு உயிர். ஏரி நிரம்பிக் கலிங்கு வழியாகத் தண்ணீர் வழியும்போது, அதோடு வரும் மீன் கீழையூருக்கு என்பது பழைய வழக்கம். அது பொறுக்காமல் கலிங்கில் வலை கட்டி வைத்த மனிதர் இவர்.

"என்ன சந்தேகம்?"

"கலிங்கில் வரும் மீன் எங்களுக்கு. சரி. வேறு வழியாக வந்தால்?"

"வேறு எந்த வழி?"

"எந்த வழியோ. மீன் நம்மைக் கேட்டுக்கொண்டா வருகிறது? எங்கள் மண்ணுக்கு வந்த மீன் எங்களுடையது என்று ஊரில் சொல்கிறார்கள். எங்கள் ராஜாதான், பக்கத்து ராஜா மனம் கோணக் கூடாது, ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வா என்றார்."

"எவ்வளவு மீன் வருமாம்?"

"எல்லாமே வரும் என்றுதான் பேச்சு."

ராயர் கண் சிறுத்தது.

"கருவாடு போட உப்பு வந்து இறங்கிவிட்டது, மகாராஜா. பங்கும் பிரித்தாகிவிட்டது. விரால் அரண்மனைக்கு. கெளுத்தி சேனைக்கு. கெண்டை சனங்களுக்கு. அயிரை யாருக்கு என்பதில்தான் இன்னும் அடிதடி."

"என் அயிரைக்கு உங்களுக்குள் அடிதடியா?"

"மழைக்குள் தீர்த்துவிடுவோம்."

"வலை எங்கே கட்டியிருக்கிறீர்கள்?"

"ஆலமரத்து வளைவுக்கு நேர் கீழே."

"ஏன் அங்கே?"

"அங்கேதான் இறங்குமாம். கலங்கல் வருகிறதாம். நான் ஒன்றும் சொல்லவில்லை, மகாராஜா. மீன் பிடிக்கிறவர்கள் சொன்னது."

ராயர் எழுந்துவிட்டார். "ஒரு மீன் வராது. போய்ச் சொல். ஒரு குஞ்சுகூட வராது."

"அப்படிப் போய்ச் சொன்னால் என்னை அடிப்பார்கள். ரொம்ப ஆசையாக இருக்கிறார்கள்."

"நன்றாக அடிக்கட்டும்."

மறுநாள் விடிந்தபோது ஆலமரத்து வளைவில் மேலையூரே நின்றது. நண்டு வளைகளைத் தோண்டி எடுத்தார்கள். களிமண் கொட்டினார்கள். மாடு விட்டு மிதித்தார்கள். ராயர் குடையோடு நின்று வேலை வாங்கினார். இங்கே அடைத்தால் மீன் வேறு எங்கேயாவது போய்விடுமோ என்று சந்தேகம் வந்தது. கரை முழுவதும் தட்டிப் பார்த்து, இளகின இடமெல்லாம் அடைக்கச் சொன்னார்.

கீழே பிச்சாண்டி நிஜமாகவே வலை கட்டி, ஆட்களை உட்கார வைத்திருந்தான். ஒவ்வொரு கூடை களிமண்ணுக்கும் அவர்கள் பெருமூச்சு விட்டார்கள். அதைப் பார்க்கப் பார்க்க மேலே வேலை வேகமாக நடந்தது.

மழை பெய்தது. பேய் மழை. ஏரி முட்டி நின்றது. கரை அசையவில்லை.

மழை விட்டதும் ராயர் குதிரையில் கரைமேல் வந்தார். கீழே பார்த்தார். காலி வலை. அதன் பக்கத்தில் கொழுந்தப்பரும் பிச்சாண்டியும்.

"என்ன தூதரே, எத்தனை மீன்?"

"ஒன்றுமில்லை, மகாராஜா. உப்புதான் நனைந்து வீணாய்ப் போயிற்று."

ராயர் முகம் மலர்ந்தது. அவர் சிரித்து மேலையூரிலேயே யாரும் பார்த்ததில்லை.

"அடுத்த வருஷமும் இதே கதிதான். வருஷா வருஷம் கரையை உயர்த்துவேன். என்ன செய்வீர்கள்?"

"என்ன செய்வது. எங்கள் தலையெழுத்து."

குதிரை மெதுவாக நகர்ந்தது. கொழுந்தப்பருக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்துவிட்டது. பிச்சாண்டி குனிந்து காதருகே சொன்னான்.

"அழுங்கள், மகாராஜா."

"எதற்கு?"

"நாம் சிரிப்பதைப் பார்த்தால் ராயரே இறங்கி வந்து கரையை வெட்டிவிடுவார்."

கொழுந்தப்பர் அழுதார். நன்றாகவே அழுதார். அரண்மனைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, பிறகுதான் சிரித்தார். பிச்சாண்டிக்கு ஒரு முத்துமாலை போட்டார்.

"ஒன்று சொல்கிறேன்" என்றார். "இதைப் போட்டுக்கொண்டு கரைப் பக்கம் மட்டும் போய்விடாதே."