காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர்

"எனக்கு அந்த சீட் வேண்டாம், டீச்சர்," என்றான் சவரிமுத்து.

மரகதவல்லி வயலினுக்குப் புதுத் தந்தி மாட்டிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"எந்த சீட்?"

"எம்.ஏ. சீட்தான்."

"கிடைச்சு இன்னும் ஒரு நாள் ஆகலையே. அதுக்குள்ள கசந்துடுச்சா?"

அவன் சிரிக்கவில்லை.

முந்தைய நாள் காலையில்தான் பல்கலைக்கழகம் பட்டியலை வெளியிட்டிருந்தது. முதுகலை இசை, வயலின் பிரிவு. இடம் ஒன்றே ஒன்று. அதில் சவரிமுத்துவின் பெயர். அதற்குக் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே காத்திருப்போர் பட்டியல். அதில் முதல் பெயர், மரகதவல்லி.

அவன் மாணவன். அவர் அவனுக்குக் கற்றுக்கொடுத்தவர்.

இரண்டு பேரும் ஒரே நாளில், உறையூரில் ஒரே கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து விண்ணப்பம் போட்டார்கள். அவருடைய போட்டோ ஏற மறுத்தபோது, அதைச் சின்னதாக்கி ஏற்றிக் கொடுத்ததே அவன்தான்.

அவனுக்கு வயது முப்பத்தொன்று. அவருக்கு இருபத்தொன்பது. செல்போன் பழுது பார்க்கும் கடையில் வேலை செய்துகொண்டு, ஆறு வருஷமாக அவரிடம் வாசிக்கக் கற்றவன். வயதில் பெரியவன் என்பதால் அவர் அவனை ஒருநாளும் 'நீ' என்றதில்லை. ஒருநாளும் 'பலே' என்றதும் இல்லை.

"இன்னைக்குச் சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் டைம் இருக்கு," என்றான். "அதுக்குள்ள நான் வாபஸ் வாங்கினா சீட் அடுத்தவங்களுக்குப் போயிடும். அடுத்தவங்க நீங்கதான்."

"தெரியும்."

"லிஸ்ட் தப்பு, டீச்சர். ரெண்டு பேரையும் மாத்திப் போட்டுட்டாங்க."

"போன மாசம் தேர்வுல நாம வாசிச்சப்ப, உள்ள எத்தனை பேர் உட்கார்ந்து கேட்டாங்க?"

"மூணு பேர்."

"ஆறு காது. ஆறுமா செவிடு?"

"அவங்க காதைப் பத்தி எனக்குத் தெரியாது. உங்க கையைப் பத்தித் தெரியும்."

மரகதவல்லி முறுக்காணியைத் திருகினார். தந்தி கீச்சென்றது. கொஞ்சம் தளர்த்தினார்.

அவர் மறுப்பார் என்று அவனுக்குத் தெரியும். மறுத்தால் என்ன சொல்வது, கோபித்துக்கொண்டால் என்ன சொல்வது, எல்லாவற்றையும் பஸ்ஸிலேயே யோசித்து வைத்திருந்தான்.

"சரி," என்றார் மரகதவல்லி. "கொடுங்க."

அவன் யோசித்து வைத்திருந்ததில் இதற்கு மட்டும் பதில் இல்லை.

"எனக்கு அந்த சீட் வேணும்," என்றார். "பதினாலு வயசுலேருந்து பாட்டுக்குப் பக்கவாத்தியம் வாசிக்கிறேன். காலேஜுக்குள்ள போனதில்லை. வீட்டுலேருந்தே எழுதி வாங்கின பட்டம். வேலைக்கு அதைக் கொண்டுபோய்க் காட்டினா, எம்.ஏ. இருக்கான்னு கேக்குறாங்க. நேத்து லிஸ்ட்டைப் பார்த்தப்புறம் நான் அடுப்பு பத்த வைக்கலை. அம்மா கேட்டாங்க. தலைவலின்னேன். அதனால, கொடுக்கிறதா இருந்தா கொடுங்க. வாங்கிக்கிறேன்."

சவரிமுத்து தரையைப் பார்த்தான்.

"நீங்க வேண்டாம்னு சொல்லுவீங்கன்னு நினைச்சேன்."

"அப்படி நினைச்சுத்தான் கொடுக்க வந்தீங்களா?"



வேலையை விடுவதாகக் கடையில் நேற்றே சொல்லிவிட்டான். முதலாளி அவன் கையைப் பிடித்துக் குலுக்கி, "இனிமே உடைஞ்ச போனைத் தூக்கிக்கிட்டு இந்தப் பக்கம் வந்தா உதைப்பேன்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். வீட்டில் அவன் மனைவி பக்கத்து வீடுகளுக்கெல்லாம் லட்டு கொடுத்திருந்தாள்.

"வரும்போது அப்படித்தான் வந்தேன்," என்றான் கடைசியில். "இப்ப அப்படி இல்ல. இப்ப நிஜமாவே கொடுக்கிறேன்."

மரகதவல்லி முதல் தடவையாக நிமிர்ந்து அவனைப் பார்த்தார்.

அவன் போனை எடுத்துப் பல்கலைக்கழகப் பக்கத்தைத் திறந்தான். பெயரும் விண்ணப்ப எண்ணும் தாமாகவே வந்து நின்றன. ஒரு கட்டம் மட்டும் காலி. 'இடத்தை விட்டுக்கொடுப்பதற்கான காரணம்' என்று அதன் மேல் எழுதியிருந்தது.

ஒற்றை விரலால் மெதுவாக எழுதினான். எழுதிவிட்டு அவரிடம் நீட்டினான்.

'என்னைவிட நன்றாக வாசித்தவர் காத்திருப்போர் பட்டியலில் இருப்பதால்.'

அவர் அதை இரண்டு தடவை படித்தார்.

"அன்னைக்கு உங்களைவிட நான் நல்லா வாசிச்சேனா?"

"ஆமா, டீச்சர்."

"நான் உள்ள வாசிக்கும்போது நீங்க கதவுக்கு வெளியில பெஞ்சுல இருந்தீங்க. உங்களுக்குக் கேட்டுச்சா?"

"நல்லாவே கேட்டுச்சு. அந்தக் கதவு சரியாச் சாத்தாது."

"அப்ப எடுங்க வயலினை. நான் வாசிச்சதை வாசிங்க."

"எதுக்கு, டீச்சர்?"

"காரணம்னு எழுதியிருக்கீங்க. சரிபார்க்க வேண்டாமா?"

பெட்டி அவன் தோளில்தான் தொங்கியது. அது இல்லாமல் அவன் அந்த வீட்டுக்கு வந்ததே இல்லை. சுருதிப் பெட்டியை அவர் திருகிவிட்டார். அவன் சம்மணமிட்டு உட்கார்ந்து தந்திகளைச் சேர்த்தான்.

தோடி.

ராகத்தில் அவர் அன்றைக்கு எங்கே நின்றாரோ அங்கே அவனும் நின்றான். எங்கே வில்லை அழுத்தாமல் விட்டாரோ அங்கே அவனும் விட்டான். மரகதவல்லி கண்ணை மூடிக்கொண்டார். தன் குரல் அடுத்த வீட்டிலிருந்து கேட்பதுபோல் இருந்தது.

பாட்டு வந்தது. பாட்டை முடித்துச் சுரம் போட்டான். அவர் தொடையில் தாளம் தட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பாட்டின் முதல் வரி தட்டோடு தொடங்காது, தட்டு விழுந்து அரை எண்ணிக்கை கழித்துத் தொடங்கும். சுரம் முடிந்து முதல் வரிக்குத் திரும்புகிறவர் அந்த அரை எண்ணிக்கையில் சரியாக வந்து சேர வேண்டும்.

அவன் சரியாக வந்து சேர்ந்தான்.

அவர் கை நின்றது.

"நான் இப்படியா வந்தேன்?"

"இப்படித்தான், டீச்சர்."

"திரும்ப வாசிங்க."

வாசித்தான். மறுபடியும் அதே அரை எண்ணிக்கை. மயிரிழை பிசகவில்லை.

"இது நீங்க வாசிக்கிறது," என்றார். "நான் வாசிச்சது எங்க?"

அவன் வில்லை மடியில் வைத்தான்.

"வரலை, டீச்சர். கை அங்க போகமாட்டேங்குது."

"கை போகலையா, நீங்க விடலையா?"



பக்கவாத்தியம் வாசிக்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பாடுகிறவர் கணக்குத் தவறி ஓர் எண்ணிக்கை முன்னால் வந்து விழுந்தால், வயலினும் கூடவே வந்து விழும். அப்படித்தான் பேசி வைத்திருந்தார்கள் என்று சபை நினைத்துக்கொள்ளும். பல சமயம் பாடியவருக்கே தெரியாது. கச்சேரி முடிந்ததும் தான் நன்றாகப் பாடியதாக நினைத்துக்கொண்டு வெற்றிலை போடுவார்.

ஆறு வருஷத்தில் மரகதவல்லி அவனுக்கு வேறு எதைவிடவும் அதிகமாகச் சொல்லிக்கொடுத்தது இதைத்தான். மேடையில் நடந்த தவறு மேடையை விட்டுக் கீழே இறங்கக் கூடாது.

"நீங்க சொல்லிக்கொடுத்ததுதானே, டீச்சர்?" என்றான் அவன்.

"பாடுறவங்களுக்குப் பண்ணச் சொன்னேன். எனக்கு எதுக்குப் பண்றீங்க?"

"வேற எப்படிப் பண்றதுன்னு தெரியலை."

மரகதவல்லி தன் வயலினைக் கீழே வைத்தார்.

"நான் தவறினேன்னு எனக்குத் தெரியும், சவரிமுத்து. எவ்வளவு தவறினேன்னுதான் தெரியலை. பதினஞ்சு வருஷமா பாடுறவங்க கையைப் பார்த்தே வாசிச்சுப் பழகிட்டேன். என் ரெண்டு கையும் வயலின்ல இருக்கும். தாளம் அவங்க தொடையில இருக்கும். அன்னைக்கு எதிர்ல மூணு பேர். மூணு பேரும் கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க. எங்க பார்க்கிறதுன்னே தெரியலை."

அவன் தலை இன்னும் குனிந்தது.

"அங்க என்ன நடந்துச்சுன்னு அந்த மூணு பேருக்குத் தெரியும். அவங்ககிட்டப் போய் நான் கேக்க முடியாது. அவங்களை விட்டா உங்க ஒருத்தருக்குத்தான் தெரியும். நீங்களோ ஒரு மாசமா 'பிரமாதம் டீச்சர், பிரமாதம் டீச்சர்'னு சொல்லிக்கிட்டிருக்கீங்க."



"நான் யாரைக் கேக்கட்டும்?" என்றார்.

சவரிமுத்து வயலினை எடுத்தான்.

பாட்டை வாசித்தான். சுரத்துக்கு வந்தான். முதல் சுற்று, இரண்டாம் சுற்று. விரல்கள் தங்கள் வழியில் போகப் பார்த்தன. பல்லைக் கடித்துக்கொண்டு அவற்றைத் திருப்பினான். மூன்றாவது சுற்று முடிவதற்குள் வில் தடுமாறி முதல் வரியில் போய் விழுந்தது. அந்தரத்தில் ஒரு கணம் நின்றது. பிறகு இரண்டு சுரங்களை அவசரமாக அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடித் தாளத்தைப் பிடித்தது.

கதவுக்கு வெளியே அவன் கேட்டது அதுதான். ஒன்றையும் விடவில்லை.

மரகதவல்லியின் கை தொடையில் இருந்தபடியே இருந்தது.

"இன்னொரு தடவை."

வாசித்தான்.

"அரை எண்ணிக்கை முந்திட்டேன்னு நினைச்சிருந்தேன்," என்றார்.

அவன் வில்லை மடியில் போட்டான்.

"சொல்லுங்க."

"அரை இல்ல, டீச்சர்."

"எவ்வளவு?"

"ஒண்ணரை."

அவர் எழுந்துபோய்ச் சொம்பிலிருந்து தண்ணீர் குடித்தார். குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். திரும்பி வந்து உட்கார்ந்தபோது குரல் மாறியிருக்கவில்லை.

"அந்த ரெண்டு சுரம் போட்டுச் சமாளிச்சேனே. அது எடுபட்டுச்சா?"

"இல்ல, டீச்சர். அதனாலதான் இன்னும் தெரிஞ்சுது."

"ம்."

"வெளியில உட்கார்ந்திருந்த எனக்கே..." அவனால் முடிக்க முடியவில்லை.

"பரவாயில்ல. இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்."

"எப்படி டீச்சர் சொல்றது?"

"இப்பச் சொன்னீங்களே, அப்படித்தான்."

அவரே தொடர்ந்தார்.

"நீங்க உள்ள போனப்புறம் அதே பெஞ்சுல நான் உட்கார்ந்து கேட்டேன். உங்க ஆலாபனை சுமார். சுரமும் சுமார்தான். நடுவுல ஒரு இடத்துல கடையில ஸ்க்ரூ கழட்டுற மாதிரி இருந்துச்சு. ஆனா வந்து சேர வேண்டிய இடத்துக்கு ஒவ்வொரு தடவையும் வந்து சேர்ந்தீங்க."

சவரிமுத்து பக்கத்தில் கிடந்த போனைப் பார்த்தான். திரை அணைந்திருந்தது. தொட்டதும் அந்தக் கட்டம் மறுபடி வந்தது. அதில் அவன் எழுதிய வரி. மணி ஐந்தாகப் பதினெட்டு நிமிஷம்.

அவன் அந்த வரியை அழித்தான். கட்டம் காலியானது. வேறு என்னவோ எழுதப் பார்த்தான். இரண்டு எழுத்து அடித்து அதையும் அழித்தான்.

"இப்ப என்ன எழுதட்டும், டீச்சர்?"

மரகதவல்லி வயலினை எடுத்துப் புதுத் தந்தியை மறுபடி சேர்த்தார். பிறகு உட்கார்ந்த இடத்திலேயே திரும்பினார். இப்போது அவர் முதுகு அவனைப் பார்த்திருந்தது. முகம் சுவரைப் பார்த்திருந்தது.

"தாளம் போடுங்க," என்றார். "சத்தம் வரக் கூடாது. உங்க கை எனக்குத் தெரியவும் கூடாது."

"டீச்சர்..."

"நான் தவறினா சொல்லுங்க."

"சீட் வேணும்னு சொன்னீங்களே."

"வேணும்," என்றார் சுவரிடம். "போடுங்க."

சவரிமுத்து போனை அணைத்துப் பெட்டிக்குள் போட்டான். உள்ளங்கையைத் தொடையில் ஓசையில்லாமல் வைத்தான்.

அவர் வாசிக்கத் தொடங்கினார். தோடி. பாட்டு. சுரம். ஒரு தடவை சரியாக வந்தார். இரண்டாவது தடவையும் சரியாக வந்தார். அவர் கழுத்து மட்டும் அடிக்கடி அவன் பக்கம் திரும்பப் பார்த்தது. திரும்பவில்லை.

மணி ஐந்தானதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

மூன்றாவது தடவை நீளமாகச் சுரம் போட்டார். அடுக்கடுக்காக வந்தது. அழகாக இருந்தது. அதன் உச்சியிலிருந்து இறங்கி முதல் வரியைப் பிடித்தார்.

சவரிமுத்துவின் கை காற்றில் நின்றது.



"முந்திட்டீங்க, டீச்சர்."