நாச்சம்மா ஆட்டுக்கு வீடு பார்த்த கதை

கண்ணை மூடு. போர்வைய உதைக்கக்கூடாது. உதைச்சா அத்தை கதைய நிறுத்திடுவேன்.

ஒரு ஊர்ல ஒரு நாச்சம்மா இருந்தா, அவளுக்கு ஏழு செம்மறியாடு. எந்த ஊருன்னு கேக்காத சாமி, காங்கயத்துப் பக்கம்னு வெச்சுக்கோ. தாயில்லாத குட்டிக்கெல்லாம் புட்டிப்பால் குடுத்து வளத்தவ அவ. "த்ர்ர்யோ"ன்னு ஒரு குரல் விட்டான்னா ஏழும் தடதடதடன்னு ஓடியாந்து நிக்கும். ம் சொல்லு.

"ம்."

அப்புறம் என்னாச்சு, அவளுக்கு முட்டி தேஞ்சு போச்சு. ரெண்டு எட்டு வெக்கறதுக்குள்ள "ஐயோ அம்மா"ன்னு உக்காந்துக்குவா. மேய்க்க ஆளில்ல. ஆடுங்க பட்டிக்குள்ளயே பசியில மே... மே...ன்னு கத்துது. "இனி நம்மளால ஆகாது, நல்ல வீடாப் பாத்துக் குடுத்துடோணும். ஆனா கறிக்கு மட்டும் போகக்கூடாது"ன்னு அழுதுட்டே முடிவு பண்ணுனா.

அப்போ ஒருத்தர் வந்தாரு. வெள்ளை வேட்டி. "புள்ளையாட்டம் வளப்பனுங்க்கா"ன்னாரு. பேச்செல்லாம் தேனு. ஆனா கை எங்க போச்சுங்கற? நேரா ஆட்டோட முதுகுக்கு! இடுப்புகிட்ட அமுக்கி அமுக்கிப் பாத்தாரு. சதை எவ்வளவுன்னு கறிக்காரங்கதான் அப்படிப் பாப்பாங்க. "குடுக்கறதில்லீங்க, போய்ட்டு வாங்க"ன்னுட்டா. டர்ர்ருனு வண்டியத் திருப்பிட்டாரு.

அப்புறம் ஒரு புருஷன் பொஞ்சாதி. "நல்லாத் தீனி போட்டு வளப்பமுங்க, ஆடி வரைக்கும்."

"ஆடிக்கு அப்புறம்?"

"நேர்த்திக்கடனுங்க்கா"ன்னு மெதுவா இழுத்தாரு புருஷன். கோயிலுக்கு வெட்டறதா நேந்திருக்காங்க! நாச்சம்மாளுக்கு வந்துச்சே கோவம். சாமி காரியம்னு திட்டாம, தண்ணி மட்டும் குடுத்து அனுப்பிட்டா.

மூணாவதா சிந்தாமணின்னு ஒருத்தி மொபட்டுல வந்தா. இவ கை கண்ணுக்குப் போச்சு. ஆட்டோட கீழ் இமையை இழுத்து, "சிவப்பா இருக்குதுங்க்கா, வயித்துல பூச்சி இல்லை"ன்னா. அப்புறம் பல்லைப் பாத்தா, மடியப் பாத்தா. "இந்தக் கடைசிக்குட்டிக்கு எந்தத் தழை ஒத்துக்காது?"ன்னு கேட்டா பாரு, நாச்சம்மாளுக்கு மனசு எறங்கிருச்சு. "ஏழையும் ஓட்டிட்டுப் போ தாயி."

போச்சா? எங்க போச்சு! வளைவு தாண்டறப்ப நாச்சம்மாளுக்குத் தாங்கல. "த்ர்ர்யோ, பத்திரமாப் போங்க கண்ணுங்களா!"ன்னு கத்திட்டா. தடதடதட! ஏழும் திரும்பி ஓடியாந்துருச்சு. மறுபடி ஓட்டுனா. மறுபடி கத்துனா. மறுபடி தடதடதட! சிந்தாமணிக்கு மூச்சு வாங்குது. "அக்கா, நீங்க வூட்டுக்குள்ள போய்க் கதவச் சாத்துங்க"ன்னா. நாச்சம்மா கதவச் சாத்திட்டு, சேலைத் தலைப்ப வாயில திணிச்சுக்கிட்டா. ஆட்டுச் சத்தம் மே... மே... மே...ன்னு தேஞ்சு போச்சு. தூங்கிட்டியா?

"...ம்."

அப்புறம் ரெண்டு நாளு சோறு எறங்கல. நல்லா வெச்சிருக்காளா, இல்ல யாருக்காவது தள்ளி வுட்டுட்டாளா? அதே நெனப்பு. மூணாம் நாளு தடியூனிக்கிட்டு பஸ் ஏறிப் போய் வேலியோரம் நின்னு எண்ணுனா. ஏழும் இருந்துச்சு. கடைசிக்குட்டி சிந்தாமணி சேலையக் கடிச்சு இழுக்குது, அவ "வுடுடி"ன்னு திட்டறா. ஒரு ஆடு நிமிந்து நாச்சம்மாளப் பாத்துச்சு. வாய் நிறைய புல்லு. மறுபடி குனிஞ்சுக்கிச்சு.

நாச்சம்மாளுக்குப் பொசுக்குன்னு ஆயிருச்சு. "அடி கழுதைங்களா, அதுக்குள்ள மறந்துட்டீங்களா!" அப்புறம் பாரு, சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துருச்சு. அப்பாடான்னு அங்கயே உக்காந்துட்டா. சிந்தாமணி ஓடியாந்து கூட்டிட்டுப் போய் சோறு போட்டா. ரெண்டு தட்டு தின்னா நாச்சம்மா, மோர் ஊத்தி மூணாவது.

ம் சத்தத்தையே காணோம். சரி, ஆடு பட்டியில படுத்துருச்சு, கதையும் படுத்துருச்சு. நீயும் தூங்கு சாமி.