இங்கே திறக்கவும்

முப்பது வருடம் பத்திரிகையில் பக்கம் வடிவமைத்த கதிர்வேலுக்கு ஐம்பத்திரண்டு வயதில் ஒரு குரு வாய்த்தாள். பெயர் நிலோஃபர், வயது இருபத்தாறு. பிறவியிலேயே பார்வை கிடையாது. அவர் புதிதாகச் சேர்ந்த இணையதள நிறுவனத்தில் எந்தப் பக்கமானாலும் அவள் போனில் வாசிக்கவிட்டுக் கேட்டு, ‘சரி’ என்ற பிறகுதான் வெளியே போகும்.

கதிர்வேல் எழுதிய கல்வி உதவித்தொகைப் பக்கத்தை மூன்று முறை திருப்பிவிட்டாள். அன்று மாலைக்குள் அது தேறாவிட்டால் அவருக்கு வேலை நிரந்தரமாகாது.

“குருவே, பக்கம் பளிச்சுனு இருக்கு. இன்னும் என்ன குறை?”

நிலோஃபர் போனைத் தொட்டாள். பக்கத்திலிருந்த இணைப்புகளை மட்டும் அது வரிசையாக வாசித்தது.

“இங்கே சொடுக்கவும். இங்கே சொடுக்கவும். இங்கே சொடுக்கவும்.”

“சரியாத்தானே சொல்லுது?”

“முதல்ல சாப்பிடலாம்ணே.”

தம்பி கல்யாண விருந்து என்று ஐந்து டப்பா கொண்டுவந்திருந்தாள். நாலில் மட்டன் பிரியாணி. ஒன்றில் அவருக்கென்றே கத்திரிக்காய் சாதம். அன்று புரட்டாசி சனிக்கிழமை. கதிர்வேல் கறியைக் கண்ணால்கூடப் பார்க்கமாட்டார்.

ஐந்தும் நூல் கட்டிய ஒரே மாதிரி டப்பா. ஐந்திலும் ஒரே சீட்டு அச்சடித்து ஒட்டியிருந்தது: ‘இங்கே திறக்கவும்.’

“இதுல எதும்மா என்னோடது?”

“திறந்து பாருங்கண்ணே.”

“விளையாடாதம்மா. கறி டப்பாவத் திறந்துட்டா?”

“மூடிட்டு அடுத்ததைத் திறங்க.”

பசி வயிற்றைக் கிள்ளியது. கதிர்வேலுக்குக் கோபமே வந்துவிட்டது.

“உள்ள என்ன இருக்குன்னு ஒரு வார்த்தை எழுதினா என்ன, குறைஞ்சா போயிடும்?”

நிலோஃபர் மோர் குடித்துக்கொண்டிருந்தாள்.

கதிர்வேல் டப்பாக்களைப் பார்த்தார். தன் கணினியைப் பார்த்தார். பிறகு சாப்பிடாமலே போய் உட்கார்ந்தார். அரை மணி நேரம் கழித்து அவள் போன் மறுபடி இணைப்புகளை வாசித்தது.

“விண்ணப்பப் படிவம். தேவையான சான்றிதழ்கள். கடைசித் தேதி.”

“சரி,” என்றாள் நிலோஃபர்.

கதிர்வேலுக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் டப்பாக்களில் கட்டியிருந்த நூல்களை ஒவ்வொன்றாகத் தடவினாள். இரட்டை முடிச்சுப் போட்டதை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினாள்.

“கத்திரிக்காய் சாதம்.”

“இதை அப்பவே சொல்றதுக்கென்னம்மா?”

“நீங்களும் இப்பத்தானே சொன்னீங்க.”