அரை வட்டம்

குருவுக்கு முப்பத்துநான்கு வயது. பெயர் ஃபிலோமினா. சீடருக்கு அறுபத்தொன்று. பெயர் ரங்கதுரை, ரயில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆசிரமம் என்று பார்த்தால், போத்தனூரில் ஒரு மாடி அறை. உள்ளே ஜெட் விமானத்தின் இருக்கை, கைப்பிடி, கால் மிதிகள், எதிரே மூன்று பெரிய திரைகள். சிமுலேட்டர். விமானம் மட்டும்தான் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை, சிமுலேட்டர் ஓட்டுபவர்கள் மன்றத்தின் சாகசக் காட்சி. நான்கு பேர் ஓட்டுவார்கள், மற்றவர்கள் திரையில் பார்ப்பார்கள். மூன்று பெயர்கள் பலகையில் ஏறிவிட்டன. நான்காவது இடம் ரங்கதுரைக்கு வேண்டும். அதற்கு ஒரே பரீட்சை. விமானத்தின் மூக்கை வானத்தைப் பார்க்கத் தூக்கி, வேகத்தைக் குறைத்து, இதோ விழுந்துவிடும் என்கிற நிலையிலேயே வைத்து ஒரு முழு வட்டம் அடிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குக் கெடு.

வெள்ளிக்கிழமை, ஐந்தேகால்.

அரை வட்டத்தில் விமானம் நடுங்கியது. இடது இறக்கை தொய்ந்தது. ரங்கதுரை பட்டென்று ரீசெட் பட்டனை அடித்தார். திரை இருண்டது. மறுகணம் விமானம் பழைய உயரத்தில் சமர்த்தாகப் பறந்துகொண்டிருந்தது.

“போச்சு. இது எத்தனாவதுங்க டீச்சர்?”

“எண்ணலை சார்.”

“நூறு தடவைக்கு மேல விழுந்துட்டேன். விழாம பறக்க ஒரு வழி சொல்லுங்க.”

“நீங்க ஒரு தடவைகூட விழுந்ததில்லையே.”

“கிண்டலுங்களா?”

ஃபிலோமினா குனிந்தார். ரீசெட் பட்டனுக்குப் போகும் வயரைப் பிடுங்கி மேசைமேல் போட்டார்.

“ஐயோ, அதை ஏனுங்க புடுங்கறீங்க? அது இல்லாட்டி நான் காலி!”

“விமானம் விழுந்தாலும் உங்க நாற்காலி அரை அங்குலம்கூட இறங்காது. ஓட்டுங்க.”

“முப்பத்தஞ்சு வருசம் வண்டி ஓட்டினவன் டீச்சர். தண்டவாளத்துல மாடு தெரிஞ்சா கை தானா பிரேக்குக்குப் போயிரும்.”

“ஐயாயிரம் அடியில மாடு நிக்காது சார்.”

ஓட்டினார். மூக்கைத் தூக்கினார். வேகம் இறங்கியது. நடுக்கம் வந்தது, இறக்கை தொய்ந்தது. கை பட்டனுக்குப் போனது. அடித்தார். இன்னொரு முறை அடித்தார். ஒன்றும் நடக்கவில்லை.

“கைப்பிடியை விடுங்க,” என்றார் ஃபிலோமினா.

“விட்டா?”

“விடுங்க.”

விட்டார். கண்ணையும் மூடிக்கொண்டார்.

“கண்ணைத் திறங்க. டிரைவர் தூங்கக்கூடாது.”

திறந்தார். விமானம் பக்கவாட்டில் சரிந்துகொண்டிருந்தது. பிறகு மூக்கு தானாகக் கவிழ்ந்தது. திரை முழுக்கத் தரை. வேகம் ஏறியது. நடுக்கம் நின்றது. மூவாயிரம் அடியில் விமானம் பறந்துகொண்டிருந்தது. கைப்பிடியில் யாருடைய கையும் இல்லை.

ரங்கதுரை கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு கைப்பிடியைப் பிடித்து விமானத்தை மேலே ஏற்றினார்.

மூக்கைத் தூக்கினார். நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டார். இறக்கை தொய்ந்தது. கை அசையவில்லை, காலால் மெல்ல மிதித்தார். இறக்கை நிமிர்ந்தது. உயரம் குறைந்தபோது கைப்பிடியை இழுக்காமல் எஞ்சினைக் கொஞ்சம் கூட்டினார். அடிவானம் திரையில் மெதுவாகத் திரும்பியது. மெதுவாக என்றால் மெதுவாக. பார்த்துக்கொண்டிருந்தால் கொட்டாவி வரும்.

முக்கால் வட்டத்தில், “டீயில இஞ்சி தட்டிப் போடச் சொல்லுங்க டீச்சர்,” என்றார்.

வட்டம் முடிந்தபோது மணி ஐந்து ஐம்பது.

ஃபிலோமினா பலகையில் நான்காவது பெயரை எழுதினார். டீ வந்தது. ரங்கதுரை இருக்கையைவிட்டு எழாமலே குடித்தார். பாதி டம்ளரில் நிறுத்தினார்.

“டீச்சர், ஒண்ணு கேக்கறனுங்க. அந்த நூறு தடவையும் அது தானாவே எந்திரிச்சிருக்குமுங்களா?”

“எந்திரிச்சிருக்கும் சார். நீங்கதான் ஒரு ஸ்டேஷன் முன்னாடியே எறங்கிட்டீங்க.”