ஊரறிஞ்ச விதி

ஏழை குடித்துவிட்டுத் தூங்கினால்கூடக் குற்றமா? நிறுத்தி வைத்த லோடு ஆட்டோவில்தான் தூங்கினான் சுடலைமணி. வண்டி அசையவே இல்லை. ஆனாலும் அவன் லைசென்ஸைப் பிடுங்கி, நகராட்சி விதிப்படி குற்றம் என்று கோர்ட்டில் நிறுத்திவிட்டார் இன்ஸ்பெக்டர்.

"எந்த விதிங்க? கண்ணுல காட்டுங்க," என்றான்.

அரசு வக்கீல் சிரித்தார். "ஊரறிஞ்ச விதிடா. கோர்ட்டுக்கே தெரியும். காட்ட வேண்டியதில்லை."

சுடலைமணி நீதிபதியைக் கும்பிட்டான். "அப்ப சரிங்க ஐயா. இன்ஸ்பெக்டர் ஐயா தினமும் கிளப்புல குடிச்சிட்டு ஜீப் ஓட்டுறதும் ஊரறிஞ்சதுதான். அதையும் எழுதிக்கிடுங்க."

இன்ஸ்பெக்டர் துள்ளி எழுந்தார். "ஆதாரத்தைக் காட்டுடா!"

"பாத்தீங்களா ஐயா? அவரும் காட்டத்தான் சொல்லுதாரு."

நீதிபதி விதிப் புத்தகத்தை வரவழைத்தார். அப்படியொரு விதியை நகராட்சி போடவே இல்லை. இன்ஸ்பெக்டரே எழுந்து வந்து லைசென்ஸை நீட்ட வேண்டியதாயிற்று.