சொல்லைக் களவாண்ட மந்திரவாதி

வெகு வெகு காலத்துக்கு முன்னால், மருதங்காடு என்று ஒரு ராஜ்ஜியம். அங்கே ஜனங்களின் வாயிலிருந்து ஒரேயொரு சொல்லை ஒரு மந்திரவாதி களவாடி, தன் நாக்குக்கு அடியில் அடக்கிக்கொண்டான். எந்தச் சொல்? ‘விடு’ என்கிற சொல்!

சின்னச் சொல்தானே என்று நினைக்காதீர்கள். சொல் போனதும் அதன் வேலையும் போனது. போட்ட முடிச்சு போட்டபடி. மூடிய மதகு மூடியபடி. பிடித்த கை பிடித்தபடி! குடுமிப்பிடிச் சண்டை போட்ட இரண்டு பேர், ராசியான பிறகும் அதே பிடியோடு சோறு தின்றார்கள்.

அந்த ஊரில் கைப்பிள்ளைக்காரி மங்காயிக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அவள் வீட்டில் பசு ஒரு முளையில் கட்டியபடி, கன்று ஒரு முளையில் கட்டியபடி. கயிற்றை அறுத்தால் மறுபடி ஒட்டிக்கொண்டது. கன்று வாய் வைக்காமல் பசு சுரக்கவில்லை. தவழும் பிள்ளை பாலுக்கு அழுது அழுது துவண்டது.

சொல்லைக் கேட்டு வாங்கி வர மந்திரவாதி குடியிருந்த மலைமேல் மங்காயி ஏறினாள். அங்கே அவன் தன் பசுவிடம் உதை வாங்கிக்கொண்டிருந்தான்.

“வாம்மா, வா! பால் கறக்கத் தெரியுமா? புல்லு போட்டேன், சுரக்கல. புண்ணாக்கு வச்சேன், சுரக்கல. மந்திரம் போட்டேன், உதைக்குது!”

“மாட்டுக்குப் போயி மந்திரமா சாமி? கன்னு எங்கே?”

“அந்த மரத்துல கட்டியிருக்கேன். அது குடிச்சா எனக்கு ஏது மிச்சம்?”

“நல்லாயிருக்கே! கன்னு முட்டிக் குடிச்சாத்தானே மடி சுரக்கும்?”

“அப்போ அவிழ்த்துக் கொண்டா.”

மங்காயி முடிச்சை இழுத்துப் பார்த்தாள். “என் கைக்கு அசையலையே சாமி. நீங்க சொன்னாத்தான் கேக்கும்.”

மந்திரவாதி உதட்டை இறுக்கினான். பசு ‘அம்மா’ என்றது. கன்று ‘அம்மா’ என்றது. அவன் வயிறு ‘கொர்ர்’ என்றது.

“அட, கன்றை விடு!” என்று கத்தியே விட்டான்.

அவ்வளவுதான்! நாக்கிலிருந்து நழுவிய சொல், மலையிறங்கி ஊருக்குள் பறந்தது. முடிச்சு அவிழ்ந்தது, மதகு திறந்தது, குடுமி தப்பியது. மந்திரமெல்லாம் தீர்ந்து, வெறும் பசித்த கிழவனாக நின்றான் மந்திரவாதி. கன்று குடித்ததும் மங்காயி ஒரு செம்பு கறந்து அவனிடம் நீட்டினாள்.

“குடிங்க. நாளைக்கும் கன்னுக்குத்தான் முதல்ல, தெரிஞ்சுதா?”

சொல்லை மீட்டதற்குப் பரிசாக, மலையடிப் புல்வெளியை ராஜா மங்காயிக்கே கொடுத்தார். ஊர் நிம்மதியாக மூச்சு விட்டது. அவள் பிள்ளையோ, வயிறு நிறைந்து ஏப்பம் விட்டது!