அம்மை நீட்டிய கை

“என் வீட்டுக்காரிக்கு மனசு அடங்க மாட்டேங்குது, அம்மை. ரத்தத்தைப் பார்த்தாலே தெரியுது” என்றார் சிவசைலம்.

உலகம்மை மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்துவிட்டு, மேலே சொல்லுங்கள் என்பதுபோலத் தலையசைத்தார்.

சிவசைலம் அம்பாசமுத்திரத்தில் ரத்தப் பரிசோதனை நிலையம் வைத்திருக்கும் டாக்டர். ஞாயிறுதோறும் பாபநாசத்துக்கு வந்து, ஆற்றங்கரையில் இருக்கும் உலகம்மையின் வீட்டில் மற்றவர்களோடு கண்ணை மூடித் தியானத்தில் உட்கார்ந்துவிட்டுப் போவார். உலகம்மைக்கு அவரைவிட வயது குறைவு. ஆனாலும் அம்மை தரையில் இருக்கும்போது டாக்டர் நாற்காலியைத் தொட மாட்டார்.

அவர் மனைவி குழல்வாய்மொழிக்கு ரத்தப் புற்றுநோய். ஆளை உடனே சாய்க்கிற வகை இல்லை. வருஷக்கணக்கில் கூடவே இருந்து மெல்ல மெல்ல அரிக்கிற வகை. இப்போதைக்கு மருந்து வேண்டாம், அவ்வப்போது ரத்தம் பார்த்துக்கொண்டால் போதும் என்று திருநெல்வேலியில் பெரிய டாக்டர் சொல்லியிருந்தார். அந்த வேலையைச் சிவசைலமே எடுத்துக்கொண்டார்.

வெள்ளை அணுக்கள் அதிகம் ஏறவில்லை. ஏறியது வேறொன்று. உடம்பு எதோடாவது மல்லுக்கட்டும்போது ரத்தத்தில் கூடுகிற அழற்சியின் அளவு. ஒவ்வொரு தடவையும் போன தடவையைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

கவலைதான் காரணம் என்று அவர் முடிவு கட்டினார். அழுது அழுது நீயே ஏற்றிக்கொள்கிறாய் என்று மனைவியிடம் சொல்லவும் செய்தார். ஒருமுறை அவளை இங்கே கூட்டி வந்தார். எல்லோரும் கண்ணை மூடியிருக்க, அவள் மட்டும் கண்ணைத் திறந்து ஆற்றைப் பார்த்தபடி அழுதாள். அவருக்கு அவமானமாகப் போயிற்று.

அதன்பிறகு அவள் வரவில்லை. அவர் முன்னால் அழுவதையும் விட்டுவிட்டாள். சிரித்த முகமாகவே வீட்டில் நடமாடினாள். அளவு மட்டும் இறங்கவில்லை.

“வெளியே சிரிக்கா. உள்ளே கொதிக்கா. நீங்கதான் அதுக்கு ஒரு வழி சொல்லணும்.”

உலகம்மை முறத்தைத் தள்ளி வைத்தார். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, இடது கையை டாக்டரின் முன்னால் நீட்டினார்.

“எனக்கும் எடுங்க.”

“எதுக்கு அம்மை?”

“ஊசிப் பை கையிலதானே இருக்கு. எடுங்க.”

எடுத்தார். அவருக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். அடங்கிய மனசின் ரத்தம் எப்படி இருக்கும் என்று குழல்வாய்மொழிக்குக் காட்டலாம்.

மறுநாள் பரிசோதனை நிலையத்தில் வேறு யாரையும் தொடவிடாமல் தானே பார்த்தார்.

கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் வைத்ததுமே கை நின்றுவிட்டது. அந்த அணுக்களை அவருக்கு நன்றாகத் தெரியும். நெருக்கியடித்துக்கொண்டு, இடையிடையே நசுங்கிப் பரவிக் கிடந்தன. மனைவியின் ரத்தத்தில் பார்த்துப் பார்த்துக் கண்ணுக்குப் பழகியவை.

அழற்சியின் அளவைப் பார்த்தார். குழல்வாய்மொழிக்கு இருப்பதைவிட அதிகம்.

எங்கோ தப்பு நடந்திருக்கிறது என்று நினைத்தார். மிச்ச ரத்தத்தை வைத்து மறுபடியும் பார்த்தார்.

அதேதான்.

மத்தியானம் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது, முகம் ஏன் வாடிக் கிடக்கிறது என்று குழல்வாய்மொழி கேட்டாள். கேட்கும்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமலே சாப்பிட்டு எழுந்தார்.

ஞாயிறுவரை அவரால் பொறுக்க முடியவில்லை. அன்றைக்கே பஸ் ஏறினார்.

உலகம்மை ஆற்றுப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். டாக்டர் வருவதைப் பார்த்து, பக்கத்தில் இடம் காட்டினார். சிவசைலம் இரண்டு படி கீழே உட்கார்ந்தார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. திருநெல்வேலிக்குப் போகவேண்டும், நல்ல டாக்டர் இருக்கிறார், பயப்பட ஒன்றுமில்லை என்று என்னென்னவோ சொன்னார்.

“போயிட்டுத்தான் இருக்கேன்” என்றார் உலகம்மை. “ரொம்ப நாளா.”

“எங்ககிட்டச் சொல்லலையே.”

“நீங்க யாரும் கேக்கலையே.”

ஆற்றில் யாரோ துணியை அடித்துத் துவைக்கும் சத்தம் வந்தது. 

“உங்க மனசு அடங்கின மனசு, அம்மை. அப்புறம் ஏன் உங்க ரத்தம் இப்படி இருக்கு?”

“அது நோயோட வேலை. உங்களுக்குத் தெரியாதா?”

அவருக்குத் தெரியும். நோய்ப்பட்ட அணுக்களே அந்த அழற்சியைக் கிளப்பும் என்று படித்திருக்கிறார். பிறருக்கு விளக்கியும் இருக்கிறார். அழுதாலும் சிரித்தாலும் அது அதன் பாட்டுக்கு நடக்கும் என்று, வேறொருவர் மனைவியாக இருந்திருந்தால் சொல்லியிருப்பார்.

“தெரியும்” என்றார்.

“தெரிஞ்சும் பழியை அவங்க மனசு மேலே போட்டீங்களே.”

 அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“மனசாலன்னு இருந்தா மாத்திடலாம்லா அம்மை. நோயாலன்னா நான் என்ன செய்ய? ஊசி குத்தி ரத்தத்தை எடுத்து எடுத்துப் பார்த்துக்கிட்டு நிக்கத்தானே முடியும்.”

 டாக்டர் திரும்பிப் பார்த்தார். அம்மையின் கன்னத்தில் கண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. உலகம்மை அதைத் துடைக்கவுமில்லை, மறைக்கவுமில்லை.

“நீங்க அழுவீங்களா அம்மை?”

“வாரத்துல பாதி நாள் காலையில இங்க உக்காந்து அழுதுட்டுத்தான் உள்ளே போவேன். எனக்கு இன்னும் கொஞ்ச காலம் இருக்கணும்னு ஆசை.”

அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். சிவசைலம் தலையைக் குனிந்துகொண்டார். அம்மையின் அழுகை அடங்கும்வரை இருவரும் அப்படியே இருந்தார்கள்.

“குழல்வாய்மொழி இப்ப அழறதில்லைன்னு சொன்னீங்க” என்றார் உலகம்மை.

“ஆமா அம்மை. விட்டுட்டா. எந்நேரமும் சிரிச்ச முகந்தான்.”

“அவங்க தனியா இருக்கிறது எப்ப?”

அவர் யோசித்தார். “சாயங்காலம் குளிக்கப் போவா. அதுலதான் ரொம்ப நேரம் ஆகும். குழாயை முழுசாத் திறந்து விட்டுருவா. தண்ணி வீணாப் போகுதேன்னு நான்கூடச் சத்தம் போட்டிருக்கேன்.”

“வெளியே வரும்போது தலை நனைஞ்சிருக்குமா?”

“இல்லை அம்மை. காஞ்சுதான் இருக்கும்.” 

“அப்போ குழாய் எதுக்கு, டாக்டர்?”

கீழே துவைத்துக்கொண்டிருந்த பெண் துணிகளை அள்ளிக்கொண்டு படியேறிப் போய்விட்டாள். ஆற்றின் சத்தம் மட்டும் இருந்தது.

“எனக்குக் கேட்டுடக் கூடாதுன்னு” என்றார் சிவசைலம்.